தோட்டாவின் பொட்டு

தேர் எத்துணைப் பெரிதாயினும் அதன் ஓட்டம் சிறியதோர் அச்சாணியைச் சார்ந்து நிற்கின்றது. வீடு முழுவதையும் காக்கும் கதவு விரலளவான திறப்புக்கு அடங்குகின்றது. அவ்வாறே, துவக்கு என்னும் கொடிய கருவியின் ஆற்றல் முழுவதும் மிளகளவேயான ஓர் உலோகக் கிண்ணத்தைச் சார்ந்து நிற்கின்றது. தோட்டாவின் அடிப்புறத்திலே, நெற்றியில் இட்ட பொட்டுப்போல வட்டமாய்ப் பதிந்திருக்கும் அக்கிண்ணத்தைப் பிறைமர் என்பர். அப்பொட்டின் இயல்பையும், அதனைக் கையாள்வோர் கைக்கொள்ளவேண்டிய காவலையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரியின் விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதுவதாயின் இலக்கியம் பற்றியன்றோ எழுதுதல் வேண்டும், வெடிமருந்து பற்றி எழுதப் புகுந்தது என்னை என வாசகர் வினவலாம். அதற்குக் காரணம் இரண்டு உள.

சென்ற ஆண்டு ஏழாந் தர மாணவன் ஒருவன் தன் கொம்பாசுப் பெட்டியினுள்ளே தோட்டா ஒன்றை வைத்துக்கொண்டு வகுப்பிற்கு வந்தான். அவன் தந்தையார் வெங்காயத் தறைக்கு மண் கொத்தியபோது அது வெளிப்பட்டதாம். அடியிலிருந்த பொட்டை ஆணியால் நெம்பிக் கழற்றிவிட்டுத் திறப்புக் கோர்வையில் மாட்டிக்கொள்ளல் அவன் எண்ணம். யாம் அதனை அவனிடமிருந்து வாங்கி மேசை லாச்சியுள் எறிந்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். மாணாக்கனின் அறியாமையைக் கண்டித்த எமக்கு எமது அறியாமை தெரியவில்லை. ஒரு பாடவேளை முழுவதும் அது அங்கே கிடந்தது. லாச்சியை இழுத்துத் திறந்தபோதெல்லாம் அது உருண்டு பலகையில் மோதும் ஒலியும் கேட்டது. இடைவேளையில் இரசாயனவியல் ஆசிரியரிடம் இதனைச் சொன்னபோது அவர் முகம் மாறிற்று. "முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், பிறகு பேசுவோம்" என்றார். அதிபர் பொலிசாருக்கு அறிவித்தார். அவர்கள் வந்து எடுத்துச் சென்றனர். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

இரண்டாவது காரணம், விழாவின்பொருட்டுக் கனடாவிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர். எம்மிடம் எட்டாந் தரத்திற் பயின்றவர். அந்நாட்டிலே அனுமதிப்பத்திரம் பெற்று இலக்குச் சுடுதலை விளையாட்டாகப் பயில்கின்றார். சுட்டபின் எஞ்சும் கோதுகளை வீட்டிலேயே மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவதும் உண்டாம். எமது லாச்சிக் கதையைக் கேட்டதும் அவர் நகைக்கவில்லை. தம் கைப்பையிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் காட்டினார். வலப்பக்க வில்லையிலே கடுகளவான பித்தளைத் துணுக்கொன்று புதைந்திருந்தது. "சேர், ஒரு பிறைமர் கோணலாகப் போயிற்று. நேரமாகிவிட்டதென்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். இக்கண்ணாடி இல்லாதிருந்தால் இன்று உங்களை ஒரு கண்ணாலேதான் பார்த்திருப்பேன்" என்றார். அன்று அவர் கூறியவற்றையும், பின்னர் யாம் நூல்களிற் கற்றவற்றையும் தொகுத்து இங்கே தருகின்றோம்.

தோட்டாவின் உறுப்புகள்

தோட்டா நான்கு உறுப்புகளை உடையது. வெளியிலே பித்தளைக் கோது; அதன் வாயிற் செருகப்பட்ட சன்னம்; கோதினுள் நிரப்பிய மருந்து; அடியிலே பிறைமர். புளியம்பழத்திற்கும் முட்டைக்கும் வழங்கும் கோது என்னும் சொல் இதற்கும் பொருத்தமாய் அமைந்தது. உள்ளீடு போனபின்னும் கோது எஞ்சும்.

பிறைமர் என்பது மெல்லிய உலோகக் கிண்ணம். அதனுள்ளே அடிபட்டவுடன் வெடிக்கும் கலவை சிறிதளவு அப்பப்பட்டிருக்கும். அக்கலவைக்கு எதிரே கொல்லன் பட்டடையை ஒத்த சிறு அடைகல் ஒன்று உண்டு. துவக்கின் ஊசி கிண்ணத்தின் முதுகிலே குத்தியதும் கலவை ஊசிக்கும் அடைகல்லுக்கும் இடையே நசுங்கி வெடிக்கின்றது. அத்தீ, துளை வழியே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கின்றது. மருந்து எரிந்து வாயுவாகிச் சன்னத்தைத் தள்ளுகின்றது.

இங்கே மாணாக்கர் ஒரு வேறுபாட்டைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். இக்காலத்துப் புகையற்ற மருந்து திறந்த வெளியில் விரைந்து எரியுமேயன்றி இலேசில் வெடியாது. பிறைமரிலுள்ள கலவையோ அத்தகையதன்று. சிறு அடிக்கும் வெடிக்கும். ஆகவே தோட்டாவை நிரப்புவோன் தன் மேசைமேல் வைத்திருக்கும் பொருள்களுள் அளவிற் சிறியதே அச்சத்திற் பெரியது.

வரலாறு

முற்காலத் துவக்குகளிலே சிக்கிமுக்கிக் கல் உருக்கில் உரசிப் பொறி எழுப்பும். அப்பொறி வெளிக் கிண்ணியிலுள்ள மருந்தில் விழுந்து, அங்கிருந்து தீ உள்ளே செல்லும். மழை பெய்தால் கிண்ணி நனையும்; காற்றடித்தால் மருந்து பறக்கும். ஸ்கொத்லாந்தின் பெல்ஹெல்வி என்னும் ஊரிலே கிறித்தவக் குருவாயிருந்த அலெக்சாந்தர் போர்சைத் பறவை வேட்டையில் விருப்பமுடையவர். கிண்ணியில் எழும் புகையைக் கண்டு பறவைகள் குண்டு வருமுன் பறந்துவிடுதலை அவர் நோக்கினார். அடியால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக்கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறையை அமைத்து, 1807 இல் ஆக்கவுரிமை பெற்றார்.

அவருக்கு முன்னரே, 1800 இல், எட்வேட் ஹோவாட் என்னும் ஆங்கில அறிஞர் இரசப் பல்மினேற்று என்னும் வெடிபொருளை ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். அவ்வாராய்ச்சியிலே அவரே காயமுற்றார் என்பது நினைவிலிருத்தத்தக்கது. இப்பொருளின் முதற்பாடம் ஆராய்ந்தவர் உடம்பிலேயே எழுதப்பட்டது. பின்னர், 1820 ஐ அடுத்த ஆண்டுகளில், கலவையை இட்ட செப்புத் தொப்பிகள் வழக்கில் வந்தன. கிராமப்புற வேட்டைத் துவக்குகளுக்கு நம்மவர் 'கேப்' என வழங்கியது இத்தொப்பியையே.

கோதும் மருந்தும் சன்னமும் தொப்பியும் ஒன்றாய் இணைந்த பித்தளைத் தோட்டா பரவியபோது, 1866 இல், இருவேறு அமைப்புகள் தோன்றின. அமெரிக்கரான பேர்டன் அடைகல்லைக் கோதிலேயே அமைத்தார். ஆங்கிலேயரான பொக்சர் அதனைப் பிறைமருக்குள்ளேயே வைத்தார். அமெரிக்கர் கண்டது ஐரோப்பாவிலும், ஆங்கிலேயர் கண்டது அமெரிக்காவிலும் பெருவழக்காயின. பொக்சர் அமைப்பிலே கோதின் அடியில் நடுவே ஒரே துளை இருத்தலால், மெல்லிய ஊசியை உட்செலுத்திப் பழைய பிறைமரை எளிதில் தள்ளிவிடலாம். வட அமெரிக்காவிலே வீட்டில் தோட்டா நிரப்பும் வழக்கம் வேரூன்றியமைக்கு இவ்வெளிமை ஒரு காரணமாகும்.

கலவையும் மாறிற்று. இரசம் பித்தளையோடு கூடிக் கோதை நொறுங்கச் செய்தது. பொற்றாசியம் குளோரேற்று எரிந்தபின் விட்டுச்சென்ற உப்பு ஈரத்தை ஈர்த்துத் துவக்கின் குழலைத் துருவேற்றியது. கடற்கரை வீடுகளின் யன்னற் கம்பியை உப்புக்காற்று அரிப்பதைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஈய ஸ்டிப்னேற்று என்னும் பொருள் அவற்றின் இடத்தைப் பிடித்தது. துரு நீங்கிற்று, ஆனால் ஈயத்தின் நஞ்சு புகுந்தது.

நான்கு பகைகள்

பிறைமரைத் தூண்டி எழுப்பும் பகைகள் நான்கு: அடி, உராய்வு, வெப்பம், மின்பொறி. கம்பளி உடையைக் கழற்றும்போது சிலவேளை படபடவென ஒலிக்கும் நிலைமின்னும் இவற்றுள் அடங்கும். குளிர்நாட்டு மாரியில் வீட்டினுள்ளே காற்று வறண்டிருத்தலால் அங்கே இத்தொல்லை மிகுதி.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. ஒரு பிறைமர் தனித்து வெடித்தால் விரலோ கண்ணோ கெடலாம். பல பிறைமர்கள் ஒரு பாத்திரத்திற் குவிந்திருக்கையில் ஒன்று வெடிப்பின், அதன் அதிர்ச்சியால் அடுத்ததும், அதனால் அதற்கடுத்ததுமாக யாவும் கண்ணிமைப்பொழுதிற்குள் ஒன்றாய் வெடித்துவிடும். அக்குவியல் அப்போது ஒரு குண்டுக்கு நிகராகின்றது. கீழே கூறும் விதிகளுட் பல இவ்வோர் உண்மையிலிருந்தே பிறந்தவை.

வீட்டில் நிரப்புவோர்க்கான விதிகள்

முதலாவது: பிறைமர்களை அவை வந்த பெட்டியிலேயே வைத்தல் வேண்டும். ஆலையினர் அவற்றை நூறு நூறாகத் தட்டுகளில், ஒன்றையொன்று முட்டாவண்ணம் அடுக்கி, ஆயிரமாகப் பெட்டியிலிடுகின்றனர். அவ்விடைவெளியே காவல். அவற்றைப் போத்தலிலோ தகரப் பேணியிலோ கொட்டிவைத்தல் அக்காவலைக் கலைத்தலாகும். பேணியைக் குலுக்கினால் உராய்வு. மூடி இறுகியிருந்தால் அடைபட்ட வெடி. வெடித்தால் பேணியே சிதறுதுண்டுகளாகும்.

இரண்டாவது: மேசைமேல் அப்போதைக்கு வேண்டிய ஒரு தட்டு மாத்திரமே இருத்தல் வேண்டும். மற்றவை, மருந்து வைத்த இடத்திற்கும் அடுப்பு, வெயில், எண்ணெய் முதலியவற்றிற்கும் அப்பால், குளிர்ச்சியும் உலர்வும் உள்ள இடத்திற் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். குடியிருப்பு வீட்டில் 10,000 பிறைமர்களுக்கு மேல் வைத்தலாகாதென அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதிக்கோவை வரையறுத்துள்ளது. குழந்தைகள் உள்ள வீட்டிலே பூட்டு இன்றியமையாதது. பளபளக்கும் சிறு வட்டத்தைக் குழந்தை வாயிலிடும், அல்லது கல்லால் தட்டும்.

மூன்றாவது: பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பிறைமரைத் தொடுதல் கூடாது. "ஒன்றுதானே" என்னும் நினைவு வரும்போதே கண்ணாடியை எடுத்து அணிதல் வேண்டும். எம் பழைய மாணவருக்கு வெடித்ததும் ஒன்றுதான்.

நான்காவது: வலிந்து அழுத்தலாகாது. பிறைமரைக் கோதிலிருத்தும்போது கை ஓர் இயல்பான இறுக்கத்தை உணரும். அதற்கு மேற்பட்ட தடை தோன்றின் நிறுத்துதல் வேண்டும். அளவு மாறியிருக்கலாம், கிண்ணம் கவிழ்ந்திருக்கலாம், கோதின் குழியிலே அழுக்குப் படிந்திருக்கலாம். சிறியதும் பெரியதுமாகப் பிறைமருக்கு இரண்டு பொது அளவுகள் உண்டு. சிறியது 4.45 மில்லிமீற்றர், பெரியது 5.33 மில்லிமீற்றர் விட்டமுடையது. வேறுபாடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாதலின் கண் ஏமாறும். ஊட்டுகுழலினுள் பிறைமர்கள் சிக்கிக்கொண்டால் கம்பியாற் குத்தித் தள்ளுதல் பெருந்தவறு. அக்குழலில் வரிசையாய் நிற்பவை நூறாகவும் இருக்கலாம்.

ஐந்தாவது: இருத்திய பிறைமர் கோதின் அடிமட்டத்திற்குச் சமமாகவோ சிறிதே உள்ளடங்கியோ இருத்தல் வேண்டும். புடைத்திருந்தால், துவக்கின் வாயை மூடும்போதே அடிபட்டு வெடிக்கக்கூடும். ஆதலின் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்ப்பர். மருந்தும் சன்னமும் இட்டு முடித்த தோட்டாவிலே பிறைமர் புடைத்திருப்பது தெரிந்தால் அதனை மேலும் அழுத்த முனைதல் எக்காலும் ஆகாது. அப்போது கையிலிருப்பது வெற்றுக்கோதன்று, முழுத் தோட்டா.

ஆறாவது: வெடியாத பிறைமரைக் கோதிலிருந்து தள்ளி எடுத்து மீளப் பயன்படுத்த எண்ணுதல் கூடாது. எண்ணெயில் ஊறினால் அது செத்துவிடும் எனச் சிலர் கருதுவர். எண்ணெய் பட்டால் அது சிலவேளை வெடியாமற் போகலாம். ஆயினும் வெடிக்கவே மாட்டாதென்று நம்பலாகாது. விசை இழுத்தும் சுடாத தோட்டாவை உடனே வெளியே எடுத்தலும் தவறு. தீ உள்ளே மெல்லப் பற்றிக்கொண்டிருக்கலாம். குழலைப் பாதுகாப்பான திசையிலேயே நிறுத்தி, குறைந்தது 30 வினாடி பொறுத்தல் வேண்டும்.

ஏழாவது: தூசியை அஞ்சுதல் வேண்டும். தட்டிலும் குழலிலும் கலவையின் துகள் சிறிது சிறிதாய்ப் படியும். அதனை ஈரத் துணியால் துடைத்தல் முறை. தூசியுறிஞ்சும் மின்பொறியால் இழுத்தல் ஆபத்து. சிந்திய துகளின் கொடுமைக்கு வரலாற்றிலே சான்றுண்டு. 1862 செப்டெம்பர் 17 ஆந் திகதி அமெரிக்காவின் பிற்ஸ்பேக் நகரருகே அலகெனிப் படைக்கலச் சாலையிலே நிகழ்ந்த வெடிவிபத்தில் 78 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலார் தோட்டாக்களை நிரப்பி வந்த இளம் பெண்கள். வழியிலே சிந்திக்கிடந்த மருந்தில் வண்டிச் சக்கரமோ குதிரை இலாடமோ எழுப்பிய பொறி பட்டதே காரணமென்று பலர் கருதினர்.

எட்டாவது: ஈயத்தை மறத்தலாகாது. வெடித்த பிறைமரின் கரியிலும் கோதுகளைத் துலக்கும்போது எழும் தூசியிலும் ஈயம் உண்டு. அது நாளடைவில் உடம்பிற் சேர்ந்து நரம்பையும் குருதியையும் கெடுக்கும்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். ஆகவே அம்மேசையில் உண்ணலும் பருகலும் கூடா. வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். அவ்வுடையோடு குழந்தையைத் தூக்குதலும் தகாது.

இவ்விதிகளைக் கூறி முடித்த பழைய மாணவர், "எல்லாவற்றிலும் பெரியது அவசரப்படாமை, சேர். களைப்போடும் கவலையோடும் அந்த மேசையில் நான் இப்போது இருப்பதில்லை" என்றார். வகுப்பறையிலே எழுத்துப்பிழைக்காக அவரை யாம் பலமுறை கண்டித்ததுண்டு. அன்று அவரிடம் யாம் பாடங் கேட்டோம்.

நம் மாணாக்கர்க்கு

மேற்கூறியவை, சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளிலே, உரிய அனுமதியும் பயிற்சியும் பெற்றோர்க்கு உரியன. நம் நாட்டிலே துவக்கையோ தோட்டாவையோ அனுமதிப்பத்திரமின்றி வைத்திருத்தல் தண்டனைக்குரிய குற்றமாகும். எனினும், பொட்டின் இயல்பை நம் மாணாக்கர் அறிந்திருத்தல் வேறொரு காரணத்தால் இன்றியமையாததாகின்றது.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின் எச்சங்கள் வடக்கு கிழக்கு மண்ணினுள்ளே இன்னும் எஞ்சியிருக்கின்றன. கிணறு தூர்வாரும்போதும், வேலிக்குக் கதியால் நடும்போதும், மழைவெள்ளம் மண்ணை அரித்த பின்னரும் தோட்டா முதலியன வெளிப்படுதல் உண்டு. "துருப்பிடித்தது, இனி வெடியாது" என்பர் சிலர். கோது பச்சை பூத்திருப்பினும் பிறைமரினுள்ளே கலவை காய்ந்தபடி இருக்கலாம். நல்ல நிலையிலுள்ள பொருளையாவது அதன் இயல்பறிந்து கையாளலாம். நெடுநாள் மண்ணிற் கிடந்ததன் நிலையை வல்லுநரும் கண்ணாற் கண்டு துணியார்.

துவக்கினுள் இல்லாத தோட்டா வெடித்தால் என்ன தீங்கு என வினவுவாரும் உளர். துவக்கினுள்ளே உருக்குக் குழல் கோதைச் சூழ்ந்து தாங்குகின்றது. வெளியிலே அத்தாங்கல் இல்லை. ஆதலின் கோது கிழிந்து பித்தளைத் துண்டுகள் எப்பக்கமும் தெறிக்கும். ஆணியும் சுத்தியலும் கொண்டு குனிந்திருக்கும் சிறுவனின் கண்ணும் விரலும் சாண் தொலைவிலேயே இருக்கும். மேலும், பெருந் துவக்குகளின் குண்டுகளுட் சிலவற்றில் உள்ளேயே வெடிபொருள் உண்டு. எது எதுவென வேறுபிரித்தறிதல் மாணாக்கர் தொழிலன்று, ஆசிரியர் தொழிலுமன்று.

ஆகவே, அத்தகைய பொருளைக் கண்டால் செய்யவேண்டுவன இவையே. தொடாதீர், உதையாதீர், கல் எறியாதீர், பையிலிட்டு எவரிடமும் கொண்டுவராதீர். சென்ற வழியே திரும்பி வந்து, இடத்தை நினைவிற்கொண்டு, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கிராம அலுவலரிடமோ சொல்லுங்கள். 119 என்னும் இலக்கத்தில் பொலிசாருக்கும் அறிவிக்கலாம். ஆசிரியராகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. மாணாக்கன் அத்தகைய பொருளைக் கையில் வைத்திருக்கக் கண்டால் பறித்தலும் அதட்டலும் கூடா. அஞ்சிய பிள்ளை அதனை எறிந்துவிடும். அமைதியாகக் கீழே வைக்கச் சொல்லி, யாவரையும் அப்புறப்படுத்தி, உரியவரை அழைத்தலே முறை. இதனை யாம் கற்றது காலந்தாழ்த்து. தீங்கு நேராமை எம் அறிவினாலன்று.

அம்மாணவன் இப்போது எட்டாந் தரத்தில் எம் வகுப்பிலேயே முன்வாங்கிலில் இருக்கின்றான். தமிழ்ப் பாடத்திற் சந்தி பிரிக்கும்போது இன்றும் தடுமாறுகின்றான். ஆயினும் பத்து விரலாலும் எழுதுகோலைப் பற்றுகின்றான், இரு கண்ணாலும் பலகையைப் பார்க்கின்றான். வகுப்பறையுட் புகுந்து அவனைக் காணுந்தோறும் எம் மேசை லாச்சி நினைவுக்கு வருகின்றது. இக்கட்டுரையை வாசிக்கும் பழைய மாணவருள் ஒருவர் தம் மேசையிலுள்ள பிறைமர்ப் பேணியைப் பார்த்து ஒரு கணம் தயங்குவாராயின், மாணவருள் ஒருவன் வேலியோரத்திற் குனிந்த கையை மீள எடுப்பானாயின், இவ்வெழுத்து பயன்பெற்றதாகும்.